பெரியராணி அழுத கதை

துளி அழுதால் கொட்டகையே அழும் என்று ஒரு காலம் இருந்தது. இடது கண்ணிலிருந்து ஒரே ஒரு சொட்டு புறப்பட்டு, கன்னத்தின் பாதிவரை வந்து, இறங்கலாமா வேண்டாமா என்று நின்று யோசித்துவிட்டு இறங்கும். அதைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். ஒற்றைத்துளி என்று பட்டம் கொடுத்து, பிறகு சோம்பேறித்தனத்தில் அதையும் சுருக்கித் துளி என்றே கூப்பிட்டார்கள். அவளுடைய சொந்தப் பெயர் அவள் அம்மாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும்தான் தெரியும். அந்தச் சொட்டு கிளிசரின் போட்டு வருவது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அழுதார்கள்.

இப்படிப்பட்டவள் போயும் போயும் அழுகைக்குத் தடை போட்ட வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை இளைய இளவரசன். பட்டத்துக்கு அண்ணன் இருந்தார். இவனுக்குக் குதிரைகள் இருந்தன. அவளுடைய படம் ஒன்றின் முதல் காட்சிக்கு விருந்தாளியாக வந்தவன், இடைவேளையில் அவளிடம் வந்து, "நீங்க அழுததைப் பார்த்து நானும் அழுதிருப்பேன். எங்க வீட்ல அது பழக்கமில்லை" என்றான். வேடிக்கையாகப் பேசுகிறான் என்று நினைத்து அவள் மயங்கிவிட்டாள். வேடிக்கையும் அந்த வீட்டில் பழக்கமில்லை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

நாட்டை ஆள்வதற்கு மந்திரிகள் இருந்தார்கள். ராஜ குடும்பத்துக்கு மிச்சமிருந்த வேலை கை ஆட்டுவது, ரிப்பன் வெட்டுவது, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலொடிந்தவனிடம் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பது. இதற்கெல்லாம் மேலாக, எது நடந்தாலும் அழாமல் நிற்பது. இதைக் குழந்தையிலேயே பழக்கிவிடுவார்கள். அழுகை வந்தால் கன்னத்தின் உள்சதையைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்க வேண்டும். அரண்மனைக் கூரைகளில் எதற்கு இத்தனை சித்திரங்கள் என்று வந்த புதிதில் துளிக்கு விளங்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அண்ணாந்து பார்க்கிற குடும்பத்துக்கு அது வேண்டியதுதான்.

மாமியார் பெரியராணிக்கு அவளைக் கண்டால் ஆகாது. காதுக்கெட்டாத தூரத்தில் "சினிமாக்காரி", எதிரே நின்றால் "அந்தப் பொண்ணு". எப்போதும் முழங்கைவரை வெள்ளைக் கையுறை. அந்தக் கை தூதர்களைத் தொடும், குதிரையைத் தொடும், மேசைமேல் தூசி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும். மருமகளை மட்டும் தொட்டதில்லை. கல்யாணத்தன்று ஆசீர்வாதம் செய்தபோதுகூடத் தலைக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. ஆசீர்வாதம் காற்று வழியாக வந்து சேர்ந்தது. கூடவே நிபந்தனையும் வந்தது: இனி நடிக்கக் கூடாது. காதல் கண்ணை மறைத்த நேரம், துளி தலையாட்டிவிட்டாள். விடிந்தால் அடைந்தால் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டிருக்கிற வீட்டில், நடிப்பதற்குப் பயிற்சி எடுத்தவள் ஒருத்திதான் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு அங்கே இருந்த ஒரே துணை மாமனார். ராஜாவாகவே பிறந்து ராஜாவாகவே கிழவரான மனுஷர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரைச்சீலையை இழுத்து மூடி, கதவைத் தாழிட்டுவிட்டு, மருமகளின் பழைய படங்களைப் போட்டுப் பார்ப்பார். ராஜா அரசாங்கக் காகிதம் படிக்கிறார் என்று நினைத்து வெளியே எல்லோரும் நுனிக்காலில் நடந்தார்கள். அவளும் கூட உட்கார்ந்திருப்பாள். திரையில் அந்தச் சொட்டு இறங்குகிற இடம் வந்ததும் ராஜா கூரையை அண்ணாந்து பார்ப்பார். அந்த அறைக்கு வெறும் சுண்ணாம்புக் கூரை. பிடித்துக்கொள்ள ஒரு சித்திரம்கூட இல்லாததால் அழுதுவிடுவார்.

"இதுல நிஜமாவே அழுதியாம்மா?"

"இல்ல மாமா. கிளிசரின்."

"அடிப்பாவி" என்று மூக்கைத் துடைத்துக்கொள்வார். மறுநாளும் அதே படம், அதே இடம், அதே கேள்வி.

ஒருநாள் படம் முடிந்தபிறகு, "நான் செத்தா அழுவியா?" என்று கேட்டார்.

"என்ன பேச்சு மாமா இது. அழாம இருப்பேனா?"

"கிளிசரின் போட்டுக்கிட்டா?"

"உங்களுக்குப் போட மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"பாத்துக்கலாம்" என்று சிரித்தார். எப்படிப் பார்க்கப் போகிறார் என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய தயாரிப்பாளர் ஒருவர் அவளுக்கென்றே ஒரு கதை எழுதி வைத்துக்கொண்டு ஆள்மேல் ஆளாக அனுப்பிக்கொண்டிருந்தார். மகளைப் பறிகொடுக்கும் தாயின் கதை. முதல் பாதி லேசான அழுகை, இரண்டாம் பாதி கனத்த அழுகை. துளிக்குக் கை துறுதுறுத்தது. ஒரே ஒரு படம், அதற்குப்பிறகு சாகும்வரை ரிப்பன் வெட்டத் தயார். மாமனாரிடம் சொன்னாள். "உங்க அத்தைகிட்ட நான் பேசறேன்" என்றார் ராஜா. ஊருக்கே ராஜாவானாலும் பெண்டாட்டியிடம் பேச அவருக்கும் நல்ல வேளை பார்க்க வேண்டியிருந்தது. அந்த வேளை வருவதற்குள் மாரடைப்பு வந்துவிட்டது.

செய்தி கேட்டு ஜனங்கள் அரண்மனை வாசலில் கூடினார்கள். வழக்கம்போலக் குடும்பம் மேல்மாடத்துக்கு வந்து வரிசையாக நின்றது. எல்லோர் கன்னமும் உள்ளே கடிபட்டிருந்தது. எல்லோர் பார்வையும் மேலே இருந்தது. கீழே இருந்தவர்கள் ஏதோ விமானம் வருகிறது என்று நினைத்துத் தாங்களும் அண்ணாந்து பார்த்தார்கள். மறுநாள் பத்திரிகையில் அந்தப் போட்டோ வந்தது. மேலே கொட்டை எழுத்தில் ஒரே சொல்: கல். பிரதம மந்திரி தன் பங்குக்கு, ஜனங்களோடு சேர்ந்து அழத் தெரியாத ஒரு குடும்பம் நாட்டுக்குத் தேவைதானா என்று யாரோ தன்னிடம் கேட்டதாகச் சொன்னார். அந்த யாரோ அவரேதான்.

அன்று முற்பகல் பெரியராணி மருமகளைக் கூப்பிட்டனுப்பினாள். பக்கத்தில் அரண்மனைச் செயலாளர் வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"உக்காரு" என்றாள் பெரியராணி. அந்த அறையில் துளிக்கு நாற்காலி கிடைத்தது அதுவே முதல் தடவை.

"நாங்க அழணும்னு எல்லாரும் எதிர்பார்க்கறாங்களாம்."

"அழுங்க அத்தை."

"வரலை" என்றாள், தபால் வரவில்லை என்பதுபோல. பிறகு கையுறையின் சுருக்கத்தை நீவிக்கொண்டே, "அவரோட ஒரு ஆயுசு இருந்திருக்கேன். வருத்தம் இல்லாமலா? கண்ணுக்குத்தான் அது எட்ட மாட்டேங்குது. நீங்கள்லாம் எப்படி அழறீங்க?" என்று கேட்டாள்.

நீங்கள்லாம் என்றால் சினிமாக்காரர்கள். துளிக்கு ஒரு கணம் மாமியார்மேல் இரக்கம் வந்தது. அடுத்த கணம் புத்தி வேலை செய்தது. இதைவிட நல்ல வேளை இனி வாய்க்காது.

"சொல்லித் தரேன் அத்தை. ஆனா எனக்கு ஒரு படம் நடிக்கணும்."

செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். கீழ்க்கூடத்தில் மாமனார் பெட்டிக்குள் படுத்திருக்க, மாடியில் நாம் பேரம் பேசுகிறோமே என்று துளிக்குக் கூசத்தான் செய்தது. கூசிக்கொண்டே பதிலுக்குக் காத்திருந்தாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சா நடிச்சுக்கோ. நான் சொன்ன சொல் மாற மாட்டேன்."

துளிக்கு வழக்கமாக மேக்கப் போடும் அண்ணன், பல் டாக்டர் என்று சொல்லப்பட்டுப் பின்வாசல் வழியாக வரவழைக்கப்பட்டார். நட்சத்திரங்களை நாற்காலியில் சாய்த்து வைத்துத் திட்டியே பழகியவர். ராஜ குடும்பத்தைப் பார்த்ததும் வாய் குழறியது. கண்ணாடிக் குப்பியை மேசைமேல் வைத்தார்.

"இது வெறும் கிளிசரின் இல்லைங்க. மெந்தாலும் கலந்திருக்கு. என் சொந்தக் கைவேலை, கல்லும் அழும்" என்றவர், பத்திரிகை ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஷூட்டிங்னா நான் நடுவுல ஓடிவந்து போட்டுவிடுவேன். இங்க முடியாது. அதனால வலதுகைக் கையுறைல சுண்டுவிரல் நுனி மட்டும், ஒரே ஒரு பொட்டு. தேவைப்படறப்போ கண்ணோரத்துல ஒத்திக்குங்க. அதுக்குமேல வேண்டாம்."

ஒத்திகையில் இளைய இளவரசன் தும்மினான். பட்டத்து அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிட்டவே வரவிடவில்லை. பெரியராணி மட்டும் பாடம் கேட்கும் பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தைக் கோணாமல் அழுவது எப்படி, வெளிச்சம் எந்தப் பக்கம் விழ வேண்டும், தாடை எவ்வளவு தூக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். துளிக்குத் தன்னையறியாமல் ஒரு மரியாதை வந்தது. இத்தனை கவனமான புதுமுகத்தை அவள் கண்டதில்லை.

கடைசியில் மேக்கப் அண்ணன் துளியிடம் குப்பியை நீட்டினார். "வேண்டாம்ணே. மாமாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"பாப்பா, நிஜ அழுகையை நம்பாதே. அது கால்ஷீட் குடுத்துட்டு வராமப் போற ரகம்."

"எனக்கு வரும்ணே. அவர்னா எனக்கு உசிரு."

"அதனாலதான் சொல்றேன்" என்று குப்பியை வைத்துவிட்டுப் போனார்.

சவ ஊர்வல நாள் காலையில் அரண்மனை தன் வழக்கப்படி ஒரு காரியம் செய்தது. பெரியராணிக்கு உடுத்திவிடும் பெண் சுண்டுவிரலில் பொட்டு வைக்கப் போனபோது பெரியராணி தடுத்தாள். ஒரு விரல் மட்டும் ஈரமாக இருந்தால் கறைபோலத் தெரியாதா? ராணியின் கையுறை ஒரே சீராக இருக்க வேண்டாமா? வலது இப்படி, இடது அப்படி என்று ராஜவம்சத்தில் எவளாவது வெளியே போயிருக்கிறாளா? நியாயமான கேள்விகள். உடுத்திவிடுபவள் குப்பியைக் கிண்ணத்தில் கவிழ்த்து, இரண்டு கையுறைகளையும் முழுசாக முக்கிப் பிழிந்து மாட்டிவிட்டாள். வெள்ளைக் கையுறை அன்று கூடுதல் பளபளப்பாக இருந்ததாகச் செயலாளர் பாராட்டினார்.

பெரிய கூடத்தில் பூக்களுக்கு நடுவே பெட்டி இருந்தது. குடும்பம் அந்தஸ்து வரிசையில் நின்றது. இளைய மருமகளின் இடம் கடைசியில், தூணுக்குப் பக்கத்தில். கேமராக்கள் எதிரே வளைத்து நின்றன. பெரியராணி பெட்டியருகே போனாள். சொல்லிக்கொடுத்தபடியே தாடையைத் தூக்கினாள். சுண்டுவிரலைக் கண்ணோரம் ஒற்றினாள்.

வந்தது பாருங்கள் கண்ணீர். ஒரு சொட்டில் நிற்கவில்லை. எரிச்சல் தாங்காமல் அடுத்த கையால் துடைத்தாள். அது அந்தக் கண்ணையும் பிடித்துக்கொண்டது. துடைக்கத் துடைக்கப் பெருகியது. கல்யாண நாளிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் மடை திறந்துவிட்டது என்று டிவியில் பேசுகிறவர் தழுதழுத்தார். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே என்று பெரியராணி மூத்த மகனின் கன்னத்தைப் பற்றினாள். புது ராஜா குலுங்கி அழுதார். இளையவன் தாயைத் தாங்க ஓடிவந்தான். அவள் அவன் முகத்தையும் தடவினாள். அவனும் ஆரம்பித்தான்.

பிறகு துக்கம் விசாரிக்கும் வரிசை வந்தது. பிரதம மந்திரி வந்து கடமைக்கு ராணியின் கையைப் பற்றிக் குலுக்கிவிட்டு, ஒரு சலனமும் இல்லாத முகத்தோடு நகர்ந்தார். போகிற போக்கில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். அவ்வளவுதான், மனுஷர் விக்கி விக்கி அழுதார். அவருக்குப் பின்னால் தளபதி. மார்பு நிறைய மெடல்களோடு அவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தூதர்கள் வந்தார்கள், கைகுலுக்கினார்கள், அழுதார்கள். யாருக்குமே ஏன் அழுகிறோம் என்று தெரியவில்லை. செத்தவர்மேல் தங்களுக்கு இவ்வளவு பாசம் இருந்திருக்கிறதே என்று அவரவர் வியந்துகொண்டார்கள்.

அந்தக் கை போகாத இடம் தூணுக்குப் பக்கத்து இடம் மட்டும்தான்.

துளி பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மனுஷரை நினைத்தாள், தாழ் போட்ட கதவை நினைத்தாள், அடிப்பாவி என்று அவர் மூக்கைத் துடைப்பதை நினைத்தாள். நெஞ்சு கனத்தது, கண் மட்டும் வறண்டு கிடந்தது. வா, வா என்று கெஞ்சினாள். கெஞ்சிக்கொண்டே, ஜன்னல் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, இடது கன்னத்தை லேசாக அந்தப் பக்கம் திருப்பியும் வைத்தாள். பாழாய்ப்போன பழக்கம். தன்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

எதிரே இருந்த கேமராமேன் அவளுடைய பழைய படங்களுக்கு வேலை செய்தவன். அவன் விசுவாசமாக அவள் முகத்தைப் பெரிதாக்கிக் காத்திருந்தான். நாடும் காத்திருந்தது. இதோ இறங்கும், இதோ இறங்கும் என்று ஒவ்வொரு வீட்டிலும் இடது கண்ணையே பார்த்தார்கள். அவன் கேமராவுக்குப் பின்னாலிருந்து, ஆகட்டும் அம்மா என்று கைகூடக் காட்டினான். ஒன்றும் இறங்கவில்லை. கடைசியில் அவன் வருத்தத்தோடு கேமராவைப் பெரியராணி பக்கம் திருப்பினான்.

மறுநாள் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. நாடே அழுதது, நடிகை அழவில்லை. கூலி கொடுத்தால்தான் அழுவாள் போலிருக்கிறது என்றார்கள். மாமியார் செத்த ஆறாம் மாசம் மருமகள் அழுதாளாம், இவள் மாமனாருக்கு எந்த வருஷம் அழுவாளோ என்று பெட்டிக்கடை வாசலில் சிரித்தார்கள். பெரியராணி படத்தை வெட்டி வீட்டில் மாட்டினார்கள். பிரதம மந்திரி சபையில் எழுந்து, இந்த அரண்மனைதான் நாட்டின் இதயம் என்றார். ஊர் பார்க்க அழுதுவிட்ட மனுஷன் அதற்கு ஒரு காரணம் சொல்லித்தானே ஆக வேண்டும்.

பெரியராணி சொன்ன சொல் மாறவில்லை. செயலாளர் மூலம் அனுமதி வந்தது. துளி உடனே தயாரிப்பாளருக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் இருமல், கனைப்பு, மறுபடி இருமல்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க முகத்தைப் பார்த்தா இனி ஜனங்களுக்கு அழுகை வராதுன்னு விநியோகஸ்தர்லாம் ஒத்தக்கால்ல நிக்கறாங்க."

"நான் நடிக்கிறேன் சார். நடிப்புதானே. அன்னிக்கு நடிக்கலை, அதான் வரலை."

"எனக்குப் புரியுதும்மா. டிக்கெட் வாங்கறவனுக்குப் புரியணுமே." மறுபடி கனைத்தார். "ஒரு விஷயம். வாய் கூசுது. அந்த அம்மா பாத்திரத்துக்கு உங்க மாமியாரைக் கேட்டுப் பாக்க முடியுமா? பெரியராணி அம்மா மட்டும் சரின்னுட்டா, நாளைக்கே பூஜை போட்டு ஆரம்பிச்சிடறேன்."

துளி போனை வைத்துவிட்டாள். இதை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். அரண்மனைப் போனில் பேசியதை அரண்மனையிடம் மறைக்க முடியுமா என்ன?

மதியம் மாமனாரின் அறைக்குப் போய்த் திரைச்சீலையை மூடினாள். அவர் கடைசியாகப் பார்த்த படத்தையே போட்டாள். திரையில் சின்னவளாக இருந்த துளி கதவில் சாய்ந்து நின்றாள். சொட்டு புறப்பட்டு, பாதிக் கன்னத்தில் நின்று, யோசித்து இறங்கியது. நிஜமாவே அழுதியாம்மா என்று கேட்க நாற்காலியில் ஆள் இல்லை. "இல்ல மாமா" என்று வாய்விட்டுச் சொன்னாள். அழுகை வந்துவிட்டது. இரண்டு கண்ணிலும் வந்தது, மூக்கிலும் வந்தது. உதடு கோணியது. கேவல் ஒன்று நாய் குரைப்பதுபோல வெளியே வந்தது. இத்தனை அசிங்கமாக அவள் எந்தப் படத்திலும் அழுததில்லை.

கதவைத் தாழிட மறந்திருந்தாள். பெரியராணி உள்ளே வந்து நின்று, சற்று நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இப்படியா அழுவாங்க? முகம் பூரா கோணுது."

துளிக்கு நிறுத்த முடியவில்லை. பெரியராணி கிட்டே வந்தாள். வெள்ளைக் கையுறை, இது காய்ந்தது, மருமகளின் தாடையைப் பிடித்து, படம் ஓடும் திரைப் பக்கமாகத் திருப்பி, ஒரு விரற்கடை உயர்த்தியது. அந்த வீட்டில் காலடி வைத்த நாளிலிருந்து அந்தக் கை அவள்மேல் பட்டது அதுதான் முதல் தடவை.

"இப்போ வெளிச்சம் விழுது பாரு. மூக்கை உறிஞ்சாதே. அன்னிக்கு நீதானே சொல்லிக்குடுத்தே?" என்றாள். கையை எடுத்துக்கொண்டு, மாமனாரின் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். "அந்தத் தயாரிப்பாளர் என்னைக் கேட்டாராமே. அந்தக் கதையில யாரு சாகறாங்க?"

"மக சாகறா, அத்தை."

"அதுல யாரு நடிக்கறா?"

"இன்னும் முடிவாகலை."

பெரியராணி யோசித்தாள். அவளுடைய குரலில் உண்மையாகவே கனிவு இருந்தது. "நீயே நடியேன். செத்துக் கிடக்கறவளுக்கு அழத் தெரியணும்னு இல்லையே. நான் வேணா சொல்லிப் பாக்கறேன்."

துளி மூக்கைச் சிந்தினாள். திரையில் அவளுடைய இன்னொரு சொட்டு கீழே விழுந்து, இடைவேளை வந்தது.

"சொல்லிப் பாருங்க அத்தை" என்றாள்.